பின்னால் வருகிறவள்

நாற்பத்தாறு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்ட நர்ஸம்மாவைப் பார்த்து எங்கள் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருத்தரும் என் வீட்டுக்குள் வந்து ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை.

என் பெயர் அன்பரசி. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரர் ஜெபக்குமார் மறைமலைநகரில் கார் உதிரிப்பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஷிப்டுக்குத் தகுந்தபடி கம்பெனி பஸ்ஸில் போவார், வருவார், சாப்பிடுவார், அதிகம் பேசமாட்டார். எங்களுக்கு ஒரே மகள் சிநேகா. பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். போன ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் சாகப் பார்த்தாள்.

இதை இப்படி நேராகச் சொல்வதற்கு எனக்கு வெகுநாள் பிடித்தது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'அந்த விஷயம்'. உறவுக்காரர்களுக்கு 'உடம்பு சரியில்லாமல் போனது'. கல்லூரிக்கு 'டைபாய்டு'. அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது வார்டில் டூட்டியில் இருந்தது நான்தான். முகத்தைப் பார்த்த பிறகும் என் கை நிற்கவில்லை, பழகின வேலையைச் செய்துகொண்டே போனது. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகு மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். லவ் மேட்டரா, அரியர் விழுந்துவிட்டதா, நீங்கள் ஏதாவது திட்டினீர்களா. பதில் கிடைத்தால் அவர்களுக்கு ஒரு நிம்மதி, தங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று எழுந்து போகலாம். நானும் அவளைக் கேட்டேன். "தெரியலம்மா. எல்லாமே பாரமா கீது" என்றாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தால் மட்டும் மனசு ஆறிவிடுகிறதா என்ன.

மனநல டாக்டர் சுப்புராமன், "கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க சிஸ்டர்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். பல மாதம் கழித்து அவரே, "நல்லா தேறிட்டு வர்றா. இனிமே கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிடிங்க" என்றார். அது என் காதில் ஏறவே இல்லை.

வீட்டில் இருந்த உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அவள் அப்பா கழற்றினார். குளியலறைத் தாழ்ப்பாளும் போனது. அவள் குளிக்கும்போது நான் வெளியே ஸ்டூல் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். உரிக்க வெங்காயம் இல்லாத நாளிலும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு நைட் டூட்டி என்றால் அவர் பகல் ஷிப்டு வாங்கிக்கொள்வார். இரண்டும் ஒத்துவராத நாளில் அவருடைய அக்கா ஞானம்மாள் கருங்குழியிலிருந்து வந்து கூட இருப்பார். சிநேகா இதற்கெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. அப்படி எதிர்க்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

ஞானம்மாள் அண்ணி நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற காரியத்துக்குத்தான் மருந்தே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சர்ச்சுக்கு வந்தவர், யாரிடமும் சொல்லாமல் ஜெப விண்ணப்பத்தில் சிநேகாவின் பேரைக் கொடுத்துவிட்டார். பாஸ்டர் வரிசையாகப் பேர்களை வாசித்துக்கொண்டே வந்தார். வீடு கட்டுகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள். அப்புறம், "எங்கள் சகோதரி சிநேகாவை அலைக்கழிக்கிற மரண ஆவி அவளை விட்டு விலகும்படியாக" என்று மைக்கில் சத்தம் போட்டு ஜெபித்தார். எங்கள் சர்ச்சில் ஸ்பீக்கர் வெளியிலும் உண்டு, பஸ் ஸ்டாப் வரை கேட்கும். சபை முழுவதும் "ஆமென்" என்றது. சிநேகா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். வீட்டுக்கு வரும் வரை நிமிரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நான் சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்டது. அவள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கத்தில் கொடுத்த சைக்கிள், துருப்பிடித்துச் சுவரோரம் கிடந்தது. அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி?"

"சும்மா. ஏரி வரிக்கும் ஓட்டிகினு போய்ட்டு வரேன்."

"சர்ச்சு?"

"நீங்க போங்கம்மா. அங்க வந்து என் பேர மைக்ல கேக்க என்னால முடியாது."

ஏறிப் போய்விட்டாள். ஏரி என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் நின்றது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கொளவாய் ஏரி கரை ததும்ப இருந்தது. பாதி கட்டின புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பால் வாங்க வந்தவர்கள், டீக்கடைக்காரர்கள், சர்ச்சுக்குக் கிளம்பினவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஏரிக்கரை வரை ஓடி, ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியதில் கண் இருட்டியது. சிநேகா ரோட்டின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே வீட்டுக்கு நடந்து வந்தாள்.

அன்று மத்தியானமே வீட்டுக்காரரிடம் சொன்னேன், எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று.

"நீயா?"

"நான்தான். எத்தினி நாளிக்கு பின்னாடியே ஓடிகினு இருக்கறது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சம்பத் சைக்கிள் கடையில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைப் பார்த்து, பிரேக்கும் செயினும் மாற்றி, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் தெருவில் என் கையைக்கூடத் தொடாத மனுஷன், இடுப்பையும் சீட்டையும் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் கூடவே ஓடினார். எனக்கு ஓட்ட வந்த பிறகும் விடாமல் ஓடினார். "வுடுங்க, நானே போறேன்" என்றேன். "நீ வுழுந்து கால ஒடிச்சிகினா டூட்டிக்கு யாரு போறது?" என்று இருமிக்கொண்டே ஓடி வந்தார். நான் விழாமலும் இல்லை. முழங்காலில் பிளாஸ்திரியோடு வார்டுக்குப் போனால், "இன்னா சிஸ்டர், இந்த வயசுல?" என்று வாட்ச்மேன் முதல் கேட்டார்கள்.

இப்படித்தான் ஆரம்பித்தோம். ஞாயிறு காலையில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். நான் எப்போதும் பின்னால்தான். பின்னால் இருந்தால்தான் அவள் கண்ணில் படுவாள். அவள் கழுத்து, ஆடுகிற பின்னல், பெடலை அழுத்துகிற குதிகால். முதுகைப் பார்த்தே அவள் நேற்று தூங்கினாளா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். ரோட்டில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வயல், குன்று, வானம் என்று அவள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லும்போதுதான் இதெல்லாம் வழியில் இருந்ததா என்று நினைத்துக்கொள்வேன்.

ஏரிக்கரை போதாமல் போய், திருக்கழுக்குன்றம் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. அவளுக்கு உடம்பில் தெம்பு வந்தது. தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஒரு நாள் அவளாகவே குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னாள். பல மாதம் கழித்து அவள் சொன்ன முதல் குறை. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஆண்டவர வுட்டுட்டு அம்மாவும் பொண்ணும் ரோடு சுத்திகினு கீறீங்க" என்றார்.

"ஆண்டவரு ரோட்டுலயும்தான் கீறாரு அண்ணி. அங்க மைக் இல்லாமயே அவருக்கு கேக்குது" என்றேன். அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் ஒன்றும் ஜெபத்தை விட்டுவிடவில்லை. முன்பு முழங்காலில் நின்று கேட்டதை இப்போது பெடலை மிதித்துக்கொண்டு கேட்டேன், அவ்வளவுதான். கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். இவளை என் கண் முன்னாலேயே வையும்.

திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிற்கும்போதுதான் அனுவைப் பார்த்தோம். கல்பாக்கத்தில் வேலை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவளும் கூட வேலை பார்க்கிறவர்களும், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஞாயிறு தவறாமல் சைக்கிளில் கிளம்புவார்கள். எல்லாம் ஸ்டாண்டு கூட இல்லாத விலை உயர்ந்த சைக்கிள்கள். சிநேகாவின் அரசாங்க சைக்கிளைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "இதுல இவ்வளவு தூரமா! எங்க சைக்கிள்ல வந்தா நீங்க எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருவீங்க" என்றாள் அனு. சிநேகாவின் காது சிவந்தது.

அவர்களோடு சேர்ந்துகொண்டோம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் கடைசியாக வருகிறவர், பின்தங்கினவர் யாரையும் விட்டுவிட்டு முன்னால் போகக் கூடாது. "ஆன்ட்டிதான் நம்ம கடைசி ஆள். ஆன்ட்டி இருக்கிற வரைக்கும் யாரும் தொலைய மாட்டோம்" என்று அனு சொன்னாள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மாமல்லபுரம் வரை போவது என்று முடிவானது. அதுவரை நாங்கள் அவ்வளவு தூரம் போனதில்லை. சிநேகா முந்தின நாள் சாயங்காலமே சைக்கிளைத் துடைத்து வைத்தாள். அவள் அப்பா இரண்டு சைக்கிளுக்கும் எண்ணெய் விட்டார். வழக்கம்போல அவள் போன், தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாவற்றையும் என் சைக்கிள் கூடையில் இருந்த பையில் போட்டுக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி நன்றாகத்தான் போனோம். பூஞ்சேரி நெருங்கும்போது என் செயின் அறுந்தது. கழன்றிருந்தால் மாட்டிக்கொள்ளலாம், இது அறுந்தேவிட்டது. "சிநேகா!" என்று கத்தினேன். சுற்றுலா பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. பஸ் போன பிறகு பார்த்தால் ரோட்டில் ஒருவரும் இல்லை. வளைவில் திரும்பியிருந்தார்கள்.

சரி, போன் செய்வோம் என்று அவள் நம்பரை அழுத்தினேன். என் கூடையிலேயே மணி அடித்தது.

எனக்கு அப்போது என்ன ஆனது என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் கூட பத்துப் பேர் இருக்கிறார்கள், பட்டப் பகல், அவள் சிரித்த முகமாகத்தான் கிளம்பினாள் என்று மூளை சொன்னது. மற்றதெல்லாம் வேறு சொன்னது. ஆடி மாதத்திலிருந்து அவள் என் கண்ணில் படாமல், யார் பொறுப்பிலும் இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுவும் கடலுக்குப் பக்கத்தில். அனுவின் நம்பரை வாங்கி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் எப்போதும் பின்னால் இருப்பேனே.

சைக்கிளை ஒரு டீக்கடை ஓரம் சாய்த்துவிட்டு, கூடையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் வந்தவரை மறித்தேன்.

"அண்ணாத்த, கடற்கர வரிக்கும் கொஞ்சம் வுட்டுடுங்க. என் பொண்ணு…"

"ஆக்சிடென்டா?"

"தெரியாது. போங்க."

அவர் கேன்களை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கியதும், ஊருக்குள் நுழைந்ததும், பஸ்களும் டூரிஸ்டுகளும் எல்லாம் தாண்டியதும் எனக்கு நினைவில்லை. மீனவர் குப்பத்துப் பக்கம் மணலுக்கு முன்னால் சைக்கிள்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நடுவில் ஸ்டாண்டு போட்டு நின்றது எங்கள் சைக்கிள் ஒன்றுதான். ஹேண்டில்பாரில் அனு கொடுத்திருந்த ஹெல்மெட் தொங்கியது. கீழே அவள் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள்.

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "சிநேகா எங்க?" என்றேன்.

"இங்கதான் இருந்தாங்க ஆன்ட்டி. தண்ணிப் பக்கம் போனாங்களே."

நான் ஓடினேன். மணலில் ஓடுகிறவளுக்குக் கால் எங்கே நகர்கிறது. படகுகளும் வலைகளும் நண்டுக் கூடைகளும் வழியை மறித்தன. அலை வந்து வந்து போனது. அதில் தலை எதுவும் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு நர்ஸாக என்ன பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் பார்த்தேன். ஆண்டவரே, இன்னொரு தடவை அவளை ஸ்ட்ரெச்சரில் பார்க்க வேண்டாம், இன்னொரு தடவை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கரைமேல் ஏற்றிப் போட்ட ஒரு படகுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

சிநேகாவும் அனுவும் படகின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பேப்பரில் வடை. அனு யாரையோ போலப் பேசிக் காட்டினாள் போல. சிநேகா வாயில் வடையை வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை சிரிக்கவேண்டும் என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன். அது கண் முன்னால் நடக்கிறது. நான் போன வேகத்தில் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

வடை மணலில் விழுந்தது. அனு எழுந்து நின்றாள். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிநேகா கன்னத்தில் கை வைத்து என்னையே பார்த்தாள். அவள் அழவில்லை. நான்தான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"எதுக்குமா அட்ச?"

"செருப்பு அங்க கீது, நீ இங்க கீற. நான் இன்னான்னு நெனைக்கறது?"

அவள் கடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஏதோ விளங்கியது.

"நான் டீ சொல்லிட்டு வர்றேன் ஆன்ட்டி" என்று அனு நகர்ந்து போனாள். மரியாதை தெரிந்த பெண்.

"கடல்ல வுழுந்துட்டேன்னு நெனச்சியா?" என்றாள் சிநேகா. "வாயத் தொறந்து சொல்லும்மா. செத்துட்டேன்னு நெனச்சியா?"

"அந்த வார்த்தய சொல்லாதடி."

"நீ சொல்லாததுதான் பிரச்சன. வார்டுல எல்லாரயும் கேப்ப இல்ல? எனக்குப் பக்கத்து பெட்டுல ஒரு அக்கா இருந்தாங்களே, பச்ச சுடிதாரு. அவங்க கிட்ட ஸ்டூல இழுத்து போட்டுகினு உக்காந்து கேட்ட. 'திரும்பவும் சாவணும்னு தோணுதாம்மா'ன்னு. அவ்ளோ பொறுமையா கேட்ட. அந்தக்கா அழுதுகினே எல்லாத்தயும் சொன்னாங்க. நான் கண்ண மூடிகினு கேட்டுகினு இருந்தேன். அடுத்து என்கிட்ட வருவேன்னு பாத்தேன். நீ வந்து போர்வய இழுத்து வுட்டுட்டு, 'ஜூஸ் குடிக்கறியா'ன்னு கேட்ட."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் வார்டில் அப்படி வருகிறவர்களை நேராகக் கேட்க வேண்டும். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், கேட்டால் தூண்டிவிடுவதாக ஆகிவிடாதா சிஸ்டர் என்பார்கள். கேட்டால்தான்டி சொல்லுவார்கள், கேட்காமல் விட்டால் உள்ளேயே வைத்துக்கொண்டு புழுங்குவார்கள் என்று அவர்களைத் திட்டுகிறவள் நான். எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் தாழ்ப்பாளைக் கழற்றினேன், சைக்கிள் கற்றுக்கொண்டேன், அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கேட்க மட்டும் இல்லை. பதில் 'ஆமாம்' என்று வந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வந்தது.

"தோணுதாடி?"

அவள் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பவாச்சும். முன்ன மாரி இல்ல. போன வாரம் ஒரு நாள் மதியானம் வந்துச்சி. நீ நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்கிகினு இருந்த. உன் பக்கத்துல வந்து உக்காந்தேன்."

"எழுப்ப வேண்டிதுதானே!"

"எழுப்பினா அதுக்கப்புறம் நீ தூங்கவே மாட்ட. எனக்கே பயமாத்தான் கீதும்மா. அதோட உன் பயத்தயும் சேத்து தூக்கிகினு என்னால முடியல."

"அப்புறம் இன்னா செஞ்ச?"

"உன் பக்கத்துலயே படுத்துகினேன். நீ கொறட்ட வுட்டுகினு இருந்த. அதயே கேட்டுகினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல போயிடுச்சி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மணலும் வடை எண்ணெயுமாக இருந்தது. நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் என் பிள்ளை தனியாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். என் தூக்கம் கெடக்கூடாது என்று பார்த்திருக்கிறாள். இதை எந்த முதுகைப் பார்த்தும் நான் கண்டுபிடிக்கவில்லை.

"இனிமே மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணு" என்றேன்.

"அத கேக்காதம்மா. அது என் கையில முழுசா இல்ல. எழுப்பறேன்னு வேணா சத்தியம் பண்றேன்."

"எழுப்பு. நான் கத்த மாட்டேன்."

"கத்துவ."

"சரி, கத்துவேன். கத்திட்டு கேப்பேன்."

அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அறைந்த கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்துப் பிடித்தேன். அவள் விலக்கவில்லை.

டீ வந்தது. குடித்தோம். எல்லோரும் அங்கிருந்து கல்பாக்கம் பக்கத்தில் இருக்கிற சட்ராஸ் கோட்டை வரை போவதாக இருந்தார்கள். "நீ பஸ்ல வூட்டுக்குப் போம்மா. செயினும் இல்ல, உன்னால முடியாது. நான் இவங்க கூட போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணி குடிச்சிகினே போ" என்று வந்தது. அவள் போனை அவள் கையிலேயே கொடுத்தேன். அவர்கள் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டில் திரும்பியதும் மறைந்துவிட்டாள். அதன் பிறகும் நின்றேன்.

அந்தப் பகலை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சாயங்காலம் வெயிலில் கறுத்துப்போய், பசி பசி என்று கத்திக்கொண்டு வந்தாள். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் சுப்புராமனிடம் போனேன். அவளே எல்லாம் சொன்னாள். அவர் மாத்திரையில் ஒன்றை மாற்றி, இன்னும் அடிக்கடி வரச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க கேட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "நல்லது சிஸ்டர்" என்றார்.

டீக்கடையில் விட்டுவந்த என் சைக்கிளை வீட்டுக்காரர் எடுத்துவந்து செயின் மாற்றிக் கொடுத்தார். பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டது. நைட் டூட்டி முடித்து வந்து ஒரு நாள் மத்தியானம் படுத்திருந்தேன். கூலர் சத்தத்தில் நல்ல தூக்கம். யாரோ என் காலைப் பிடித்து அசைத்தார்கள்.

"அம்மா. எழுந்திரும்மா. வருது."

கண்ணைத் திறந்தேன். சிநேகா கட்டில் ஓரமாக நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கத்தலாம் போலத்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

"ரொம்பவா?"

"ரொம்பதான்."

"உக்காரு. சொல்லு."

"வூட்டுக்குள்ள வேணாம்மா. மூச்சு முட்டுது. வெளிய போலாம்."

முதலில் டாக்டருக்குப் போன் போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை கூடவே இருங்கள் என்றார். இப்படி நேரத்தில் என்னென்ன செய்யவேண்டும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவள், இடது செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு நடந்தேன். சைக்கிள்கள் இரண்டையும் வெளியே எடுத்தோம். தார் ரோடு கொதித்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

ஏரிக்கரை ரோட்டுக்கு வந்ததும் அவள் பழக்கத்தில் முன்னால் போனாள். நான் நாலு மிதி மிதித்து அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். அகலமான ரோடு, எதிரே வண்டி ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் மெதுவாகப் போனோம். அவள் பேச ஆரம்பித்தாள். கோர்வையாக இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து எப்படி இருந்தது, எதைப் பார்த்தாலும் எப்படித் தோன்றியது, என்னை எழுப்பலாமா வேண்டாமா என்று கட்டில் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாள், எல்லாம் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே மிதித்தேன். பயத்தில் கை வேர்த்து ஹேண்டில்பார் வழுக்கியது. அந்தப் பயத்தோடேயே, என்னை எழுப்பினாளே, என்னை எழுப்பினாளே என்று ஆண்டவருக்கு நன்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதியில் நிறுத்தி, "உன் தூக்கத்த கெடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டாள்.

"கெட்டா கெடட்டும்டி" என்றேன். "அப்புறம் இன்னா ஆச்சி, சொல்லு."